அசையும் சார்ட்டைப் பார்ப்பவருக்குப் புரியவைப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு டேட்டாவைப் படமாக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். மாதம் ஒருமுறை ஏற்காடு ஏறி, வருடக்கணக்காக மழையளவு எழுதிவைத்திருக்கும் காபித் தோட்டக்காரர்களின் நோட்டுகளை வாங்கிவந்து அசையும் படமாக ஆக்கிக் கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, அனிமேஷன் சார்ட்னா யூடியூப்ல பார் எல்லாம் ஒண்ணை ஒண்ணு முந்திக்கிட்டு ஓடுமே, அதுதானே?

அது ஒரு வகை, பார் என்ற பட்டைகள் ஓடும் "பார் ரேஸ்". காலம் போகப் போக மாறும் எந்தக் கணக்கையும் அசைத்துக் காட்டலாம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதை ஒரு நீலப் பட்டையாகக் காட்டலாம், புயல் கரையை நெருங்குவதைச் செயற்கைக்கோள் படங்களை அடுக்கிக் காட்டலாம், நாடுகளைக் குமிழிகளாக்கி மிதக்கவிடலாம்.

இன்னொரு வகையும் உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டேட்டா மாறாது, பார்க்கும் விதம்தான் மாறும். பெயர் வரிசையில் நிற்கும் பார்களை அளவு வரிசைக்கு மாற்றும்போது, பட்டென்று புதுப் படத்தைப் போடாமல் ஒவ்வொரு பாரும் தன் புது இடத்துக்கு நகர்ந்துபோவதைக் காட்டுவது இந்த வகை. இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்றுதான். படம் நமக்காகக் காத்திருக்காது.

நல்லா அழகா ஓடுது. ஆனா முடிஞ்சதும் என்ன பார்த்தேன்னு கேட்டா சொல்லத் தெரியலையே, ஏன்?

உங்கள் கவனத்தில் குறை இல்லை. கண் வேலை செய்யும் விதமே அப்படி. 1988-ல் ஸெனன் பிலிஷின், ரான் ஸ்டார்ம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் திரையில் ஒரே மாதிரிப் பொருள்களை அலையவிட்டு, அவற்றில் சிலவற்றை மட்டும் விடாமல் தொடரச் சொன்னார்கள். மனிதரால் ஒரே நேரத்தில் நான்கைந்தைத்தான் தொடர முடிந்தது. நம் ஆட்கள் இருபது பாரை ஒரே நேரத்தில் ஓடவிடுகிறார்கள்.

அதைவிடக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது. ஒரு சார்ட்டைக் காகிதத்தில் பார்த்தால் 1990-ஐயும் 2010-ஐயும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம். ஓடும் படத்தில் 2010 வரும்போது 1990 திரையில் இல்லை, மனதில்தான் இருக்க வேண்டும். அங்கே அது சரியாக நிற்பதில்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கணம் வெறுமை வந்தால் பெரிய மாற்றத்தைக்கூட மக்கள் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று 1997-ல் ரொனால்ட் ரென்சிங்க் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பார்ப்பவரின் ஞாபகத்தை நம்பி எதையும் வைக்காதீர்கள். ஒப்பிட வேண்டியதைத் திரையிலேயே வைத்திருங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

அப்படின்னா அனிமேஷனே வேண்டாம், நாலு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா போதும்னு சொல்றீங்களா?

பல நேரம் ஆமாம், அதைத்தான் சொல்வேன். 2008-ல் ஜார்ஜ் ராபர்ட்சனும் அவர் குழுவும் இதையே சோதித்தார்கள். ஒரே டேட்டாவை ஓடும் குமிழிகளாக, தடம் வரைந்த ஒற்றைப் படமாக, சின்னச் சின்னப் படங்களின் வரிசையாக என மூன்று விதமாகக் கொடுத்தார்கள். ஆட்களுக்கு அனிமேஷன்தான் பிடித்திருந்தது. ஆனால் தாங்களாகவே ஆராய்ந்து விடை கண்டுபிடிக்கச் சொன்னபோது அனிமேஷனில்தான் தடுமாறினார்கள். அசையாத படங்களில் வேகமாக முடித்தார்கள், சின்னப் பட வரிசையில் தவறும் குறைவு.

சரி, அப்புறம் எதற்கு அனிமேஷன்? ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொல்லும்போது அதற்கு நிகர் வேறில்லை என்று நினைக்கிறேன். 2006-ல் டெட் என்ற உரை மேடையில் ஸ்வீடன் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் உலக நாடுகளைக் குமிழிகளாக ஓடவிட்டுக் காட்டியதைப் பாருங்கள். படத்தை ஓட்டும் முன்பே எந்த அச்சு குழந்தைகளின் எண்ணிக்கை, எந்த அச்சு ஆயுள், குமிழியின் பருமன் எதைக் குறிக்கிறது என்று நிறுத்திச் சொல்லிவிடுகிறார். 1962-ல் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டுகிறார். அதற்குப் பிறகுதான் ஓட்டுகிறார். ஓடும்போதும் சும்மா இல்லை, இப்போது இவர்களைப் பாருங்கள், இதோ இவர்கள் நகர்கிறார்கள் என்று கூடவே வருகிறார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் குமிழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மனிதரை விட்டுவிடுகிறார்கள் நம் மாணவர்கள். பேச ஆள் இல்லாத இடத்தில் அந்த வேலையை எழுத்தும் நிறமும் நிறுத்தமும் செய்ய வேண்டும்.

எவ்வளவு வேகத்துல ஓட்டணும்? ஒரு நம்பர் சொல்லுங்க.

இரண்டாவது வகைக்கு, அதாவது பார்கள் இடம் மாறுவது மாதிரியான நகர்வுக்கு, ஒரு நொடியை ஒட்டி வைத்துத் தொடங்குங்கள். மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, மெதுவாக வந்து நிற்கட்டும். இப்படி அசைந்தால் கண்ணால் பின்தொடர்வது எளிது என்று 2011-ல் பியர் டிராகிசெவிச் குழுவின் சோதனையும் சொல்கிறது. ஆனால் காலத்தைக் காட்டும் படத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. ஒவ்வொரு வருடத்திலும் நின்று நின்று கிளம்பினால் வருடத்துக்கு ஒருமுறை டேட்டாவே தயங்குவது போலத் தெரியும்.

காலம் ஓடும் படத்துக்கு ஒரே நம்பர் கிடையாது. 2024-ம் வருட மேட்டூர் நீர்மட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாததால் வழக்கமான ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறக்க முடியவில்லை. ஜூலை நடுவில்கூட 50 அடிக்குக் கீழேதான் இருந்தது. அதே ஜூலை 30-ல் முழு அளவான 120 அடியைத் தொட்டுவிட்டது. நான் முதலில் செய்த படத்தில் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு நொடி, வருடம் முழுவதும் 36 நொடி சொச்சத்தில் ஓடி முடியும். கணக்குப் போட்டால் அந்த இரண்டு வாரம் ஒன்றரை நொடி. பார்த்தவர் ஒருவர் "தண்ணி திடீர்னு வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். வருடத்தின் மொத்தக் கதையும் அந்த ஒன்றரை நொடியில் இருந்தது.

இப்போது ஜூன் வரை வேகமாக ஓட்டி, ஜூலை 15-ல் நிறுத்தி, "இனி ஒரு நாள் ஒரு நொடி" என்று எழுத்தில் காட்டிவிட்டு மெதுவாக ஓட்டுகிறேன். வேகத்தை மாற்றுவது தவறில்லை. மாற்றியதைச் சொல்லாமல் விட்டால்தான் தவறு, ஏனென்றால் மெதுவாக ஓடும் இடத்தில் தண்ணீரே மெதுவாக ஏறியது என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஒரே நேரத்துல எல்லாமே அசையுது, எதைப் பார்க்கறதுன்னு தெரியலைங்க.

அசைவைப் பங்கு போடுங்கள். பார்களின் வரிசையும் மாற வேண்டும், அளவும் மாற வேண்டும் என்றால் முதலில் அளவு மாறட்டும், ஒரு மூச்சு விடுங்கள், அப்புறம் இடம் மாறட்டும். 2007-ல் ஜெஃப்ரி ஹீர், ஜார்ஜ் ராபர்ட்சன் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். நகர்த்திக் காட்டினால் பட்டென்று மாற்றுவதைவிட மக்கள் நன்றாகத் தொடர்கிறார்கள், இப்படிப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுவதையும் விரும்புகிறார்கள் என்று கண்டார்கள். அதற்காக ஆறு ஏழு கட்டமாகப் பிரித்துவிடாதீர்கள், அதுவும் குழப்பம்தான்.

இரண்டாவது வழி, கதை யாருடையதோ அவருக்கு மட்டும் நிறம், மற்றவர்களுக்குச் சாம்பல். தமிழ்நாட்டு மாவட்டங்கள் அத்தனையும் குமிழியாக ஓடும் படத்தில் சேலத்தையும் நாமக்கல்லையும் தருமபுரியையும் மட்டும் நிறத்தில் வைத்துப் பாருங்கள். மற்றவை பின்னணியில் ஒரு கூட்டமாகத் தெரியும், அதுவும் தேவையான தகவல்தான். நான்கைந்துக்கு மேல் தொடர முடியாது என்று மேலே சொன்னேனே, அந்த நான்கைந்து எவை என்பதை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

வருஷத்தை மூலையில பெருசாத்தான் போட்டிருக்கேன். ஆனா யாரும் அதைப் பார்க்கறதே இல்லை மேடம்.

பார்க்க மாட்டார்கள். கண் குமிழியைத் துரத்திக்கொண்டிருக்கிறது, மூலைக்குப் போய்வந்தால் குமிழி தொலைந்துவிடும். வருடத்தைக் கண் இருக்கும் இடத்துக்கே கொண்டுவாருங்கள். பின்னணியில் மங்கலாக, படம் முழுக்கப் பரவும்படி எழுதலாம், அல்லது முக்கியமான குமிழியின் பக்கத்திலேயே ஒட்டலாம். குரல் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது, காது சும்மாதானே இருக்கிறது, "தொண்ணூறு... தொண்ணூற்றைந்து..." என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

கூடவே எவ்வளவு ஓடியிருக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று ஒரு பட்டை வையுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு எண் பலகை. முதல் தடவை வருகிறவருக்கும் பன்னிரண்டாவது வளைவில் இருக்கிறோம், இன்னும் எட்டு இருக்கிறது என்று தெரியும். தலை சுற்றினாலும் பொறுத்துக்கொள்வார். எப்போது முடியும் என்று தெரியாத வீடியோவை மக்கள் பாதியில் தள்ளிவிட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அனுபவம்.

பின்னாடி வால் மாதிரி கோடு விட்டா அசிங்கமா இருக்காதா?

எல்லாவற்றுக்கும் விட்டால் நூல்கண்டு சிக்கிய மாதிரிதான் இருக்கும். நிறம் கொடுத்த நான்கைந்துக்கு மட்டும் விடுங்கள், பழையது மங்கிக்கொண்டே போகட்டும். தொடங்கிய இடத்தில் ஒரு வெற்று வட்டத்தை மட்டும் நிலையாக வைத்தாலும் போதும், எங்கிருந்து வந்தது என்பதை ஞாபகம் வைக்க வேண்டியதில்லை.

திடீர்னு பார் எல்லாம் சுருங்கிடுச்சு. டேட்டா குறைஞ்சுதா, இல்ல வேற ஏதாவதா?

பெரும்பாலும் அச்சு மாறியிருக்கும். பார் ரேஸ் செய்யும் மென்பொருள்கள் பலவற்றில் முதலிடத்துப் பார் எப்போதும் திரையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி அளவுகோல் தானாக நீளும். முதலிடம் வளர வளர, வளராமல் அப்படியே நிற்கிற மற்றவர்கள் குட்டையாவது போலத் தெரியும். பார்ப்பவர் அதைச் சரிவு என்றே படிக்கிறார், ஏனென்றால் நீளம் குறைந்ததைக் கண்ணால் பார்த்தாரே.

முடிந்தவரை அச்சை முதலிலேயே கடைசி வருடத்தின் அளவுக்குப் பூட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் படம் காலியாக இருக்கும், இருக்கட்டும், அந்தக் காலியிடமே இன்னும் எவ்வளவு வளரப்போகிறது என்று சொல்லும். கட்டாயம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் காலத்தை நிறுத்திவிட்டு அச்சை மட்டும் நகர்த்துங்கள். மேலே அசைவைப் பங்கு போடச் சொன்னதன் முக்கியமான பயன் இதுதான்.

மேட்டூர் படத்துல தண்ணி பாதி உயரம் காட்டுது. அப்போ பாதி டேம் இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு விவசாயி, அவர் கேட்ட பிறகுதான் என் படத்தை மாற்றினேன். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. 60 அடியில் நிற்கும்போது உள்ளே இருப்பது சுமார் 25 டிஎம்சிதான், கால் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். 100 அடியில் சுமார் 65 டிஎம்சி. அணையில் தண்ணீர் தேங்கும் இடம் அடியில் குறுகி மேலே அகன்றது, ஆகவே மேலே ஏறும் ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் அதிகம். நேரான தொட்டி மாதிரிப் பட்டை வரைந்தால் கண் அதைப் பாதித் தொட்டி என்றுதான் படிக்கும்.

இப்போது இரண்டு பட்டை வைக்கிறேன், ஒன்று அடி, ஒன்று டிஎம்சி. இரண்டும் ஒரே வேகத்தில் ஏறாது என்பதே பார்ப்பவருக்குப் பாடமாகிவிடுகிறது. அப்புறம் அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் காட்டும்போது இன்னொன்றும் செய்கிறேன். நீர் நன்றாக வற்றினால் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும், பேப்பரில் போட்டோ வரும். நீர்மட்டம் அந்த அளவுக்கு இறங்கும் கட்டத்தில் "நந்தி தெரியும் நேரம்" என்று ஒரு வரி போடுகிறேன். எண்ணைவிட அது உடனே பிடிபடுகிறது. உங்கள் ஊர் டேட்டாவுக்கும் இப்படி எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் இருக்கும், தேடுங்கள்.

சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதானே? வீடியோவுல 2004, 2007 எல்லாம் ஓடுதே, அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சு?

மென்பொருள் நிரப்பியது. 2001-க்கும் 2011-க்கும் நடுவில் ஒரு நேர்கோடு போட்டு, கோட்டின் மேல் இருக்கும் எண்ணையெல்லாம் காட்டிக்கொண்டே போகும். அசைவு வழுவழுப்பாக இருக்க அது தேவைதான், ஆனால் யாரும் எண்ணாத எண்ணை எண்ணியது போலக் காட்டுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. குமிழி நகரட்டும், எண்ணை மட்டும் சென்சஸ் வருடத்தில் காட்டுங்கள். நடுவில் எண்ணை மறைத்துவிடுங்கள், அல்லது குமிழியின் விளிம்பைப் புள்ளிக்கோடாக்குங்கள். 2021-ல் எடுக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போனதால் 2011-க்குப் பிறகு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது, அங்கே கோட்டை முடிக்கக்கூட மறுமுனை இல்லை. கணிப்பு எண்ணைப் போட்டால் கணிப்பு என்றே எழுதுங்கள்.

சேலம் மாவட்டம் நல்லா வளர்ந்துட்டே வந்து நடுவுல தொப்புன்னு விழுதே? எல்லாரும் ஊரை விட்டுப் போயிட்டாங்களா?

யாரும் எங்கும் போகவில்லை, எல்லைதான் போனது. 1965-ல் தருமபுரி தனி மாவட்டமானது, 1997-ல் நாமக்கல் பிரிந்தது. பழைய எல்லைக் கணக்கையும் புது எல்லைக் கணக்கையும் ஒரே கோட்டில் ஒட்டவைத்தால் இப்படித்தான் விழும். அதுவும் முந்தைய பதிலில் சொன்ன நேர்கோட்டு நிரப்பலும் சேர்ந்தால், ஒரே நாளில் நடந்த பிரிவினை பத்து வருடம் மெல்ல மெல்ல மக்கள் வெளியேறிய மாதிரிக் காட்டும். இதைவிட மோசமாக ஒரு படம் தவறு சொல்ல முடியாது.

எல்லா வருடத்தையும் இன்றைய எல்லைக்கு மாற்றிக் கணக்கிடுவது நல்ல வழி. தாலுகா வாரியாக எண் கிடைத்தால் முடியும். முடியாவிட்டால் 1997-ல் படத்தை நிறுத்தி, ஒரு குமிழி இரண்டாகப் பிரிவதைக் கண்ணெதிரே காட்டுங்கள். அனிமேஷன் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது, எந்த அசையாத சார்ட்டும் இவ்வளவு எளிதாகச் சொல்லாது.

நிறம் தெரியாதவங்க, தலை சுத்தறவங்க எல்லாம் எப்படிப் பார்ப்பாங்க?

சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர்கள் இருக்கிறார்கள், ஆண்களில் இது கூடுதல். ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு என்பதை மட்டும் நம்பாமல் அம்புக்குறியும் சேருங்கள், நீலமும் ஆரஞ்சும் பயன்படுத்துங்கள். ஓரத்தில் நிறக்குறிப்புப் பெட்டி வைத்தால் மூலையில் வைத்த வருடத்துக்கு நேர்ந்த கதிதான் அதற்கும், பெயரைக் குமிழியின் மேலேயே எழுதுங்கள்.

பளிச் பளிச்சென்று மின்னுவது ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் போகக்கூடாது, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதலில் இது இருக்கிறது. தானாக ஓடத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் அசையும் எதற்கும் நிறுத்தும் வசதி வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. போனில் அசைவைக் குறைக்கும் அமைப்பை ஒருவர் போட்டுவைத்திருந்தால் உங்கள் பக்கம் அதை மதித்து, ஓடும் படத்துக்குப் பதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அசையாத படங்களின் வரிசையைக் காட்ட வேண்டும்.

வாட்ஸ்அப்ல ஃபார்வர்டா போறப்போ ஸ்லைடர், பட்டன் எதுவும் இருக்காதே?

இருக்காது. அதனால் நிறுத்தங்களை வீடியோவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். முதல் மூன்று நான்கு நொடி எதுவும் அசையாமல் அச்சுகளை விளக்கட்டும், முக்கியமான திருப்பத்தில் நிற்கட்டும், கடைசிப் படம் தடங்களோடும் எண்களோடும் ஐந்து நொடியாவது நிற்கட்டும். கடைசி நொடியில் வெட்டிவிட்டு உடனே மறுபடி முதலிலிருந்து ஓடும் வீடியோ என்றால் 2011-லிருந்து 1951-க்குப் பாய்வதையும் மாற்றம் என்று நினைப்பவர்கள் உண்டு, நடுவில் ஒரு வெற்றுத் திரை போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஃபார்வர்டு ஆகும்போது வீடியோவின் தெளிவு குறையும்.

ஏம்மா, மழை வருஷா வருஷம் வந்துட்டுப் போறது. அதை எப்படி ஓட்டிக் காட்டுவே?

ஏற்காட்டில் ஒரு தோட்டத்துப் பெரியவர் கேட்டது. அவருக்கு வேண்டியது காபி பூக்கும் பருவத்தில் பெய்யும் கோடை மழை முன்னே பின்னே போகிறதா என்பது. வருடங்களை ஒரே கோடாக ஓட்டினால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசிவரை ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் கிடை அச்சில் ஜனவரி முதல் டிசம்பர் வரை மட்டும் வைத்து, ஒரு வருடத்தின் கோடு வரைந்து முடிந்ததும் அது மங்கி அங்கேயே தங்க, அதன் மேலேயே அடுத்த வருடம் வரையும்படி செய்தேன். இந்த வருடக் கோடு மட்டும் அடர் நிறம். மார்ச், ஏப்ரல் பகுதிக்குப் பின்னால் லேசான வெள்ளைப் பட்டை, காபிப் பூவின் நிறம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

எங்கே பார்க்கணும், எங்கே நிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிட்டா அது ஆளை நம்ம பக்கம் இழுக்கற வேலை ஆகிடாதா அக்கா?

ஆகலாம். ஜூலையில் மட்டும் மெதுவாக ஓட்டிய என் மேட்டூர் படம், பார்த்தவர் மனதில் அந்த வருடமே வெள்ளம்தான் என்று பதிந்திருக்கக்கூடும், முன்னால் இருந்த மாதக்கணக்கான வறட்சி வேகத்தில் கரைந்துபோயிருக்கும். நிறத்தில் வைத்த மூன்று மாவட்டங்களுக்குப் பதில் வேறு மூன்றை வைத்திருந்தால் கதையே வேறு. ஆனால் வழிகாட்டாமல் விட்டால் நடுநிலை வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அப்போது எது பெரிதாக, எது வேகமாக அசைகிறதோ அது கண்ணை இழுத்துக்கொண்டு போகும்.

நான் இரண்டு காரியம் செய்கிறேன். படத்தின் கீழே, எதை எதற்காக மெதுவாக்கினேன், எவற்றுக்கு நிறம் கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன், பக்கத்திலேயே எந்த வேகமும் நிறமும் ஏற்றாத அசையாத சார்ட்டையும் வைக்கிறேன். அப்புறம் வெளியிடும் முன் டேட்டாவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் ஒரே ஒரு முறை ஓட்டிக் காட்டி, திரையை அணைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்கிறேன். புரிந்ததா என்று கேட்பதில்லை, கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். மேட்டூர் படத்தைப் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் காட்டியபோது "ஜூன் வரைக்கும் தண்ணியே இல்லை, ஜூலை கடைசியில ரெண்டே வாரத்துல ரொம்பிடுச்சு, ஆனா அடி ஏறின வேகத்துக்கு டிஎம்சி முதல்ல ஏறலை" என்றாள். அன்றைக்கு ராத்திரியே அனுப்பிவிட்டேன்.